உப்பு விலையும் கம்பி விலையும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் கேண்டீன் வாசலில் என் வகுப்புத் தோழன் கேட்டான்: "உங்க கம்பெனிக்கு வைண்டிங் வயர் கிலோ என்ன ரேட்டுடா?" அவன் சின்னதாக பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறான். நான் பெரிய பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். இருவருக்கும் கம்பி சப்ளை செய்வது ஒரே ஆள். பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு நழுவிவிட்டேன். அதனால் எழுதி வந்த குறிப்பை மடித்து வைத்துவிட்டு இதையே பேசுகிறேன்.

அமெரிக்காவில் 1936-இல் ராபின்சன்-பாட்மன் சட்டம் வந்தது. பெரிய சங்கிலிக் கடைகளுக்குக் கிடைத்த விலை தெருமுனை மளிகைக்காரருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். அதன் கீழ் வந்த மார்ட்டன் உப்பு வழக்கைப் பாருங்கள். உப்புப் பெட்டி 1.60 டாலர். ரயில் வேகன் நிறைய வாங்கினால் 1.50. வருடத்துக்கு 5,000 பெட்டி என்றால் 1.40, 50,000 என்றால் 1.35. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், தடையே இல்லை! ஆனால் 1.35-ஐ எட்டியவை ஐந்தே கம்பெனிகள். பேப்பரில் எல்லோருக்கும் உள்ள சலுகை நடைமுறையில் அப்படி இல்லை என்றது உச்ச நீதிமன்றம், 1948-இல்.

கழிவே தப்பு என்று சட்டம் சொல்லவில்லை. முழு லோடாக அனுப்புவதால் செலவு மிச்சமானால் அந்த அளவுக்குக் குறைக்கலாம். ஆனால் எங்கள் பேரத்தில் பாதிக்கு அப்படி ஒரு கணக்கும் கிடையாது. "வேற ஆள்கிட்ட போயிடுவோம்" என்கிற மிரட்டல்தான். தெரிந்தே அப்படி விலை கேட்டு வாங்குபவனும் அந்தச் சட்டப்படி குற்றவாளி. படித்தபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது.

நம் நாட்டில் 2002-ஆம் வருடத்துப் போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவு பாரபட்ச விலையைத் தடுக்கிறது. ஆனால் சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனத்துக்கு மட்டுமே அது பொருந்தும். எங்கள் சப்ளையர் மாதிரி ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவரை அது தொடாது.

நண்பன் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். டேய், எங்க ரேட்டைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா நாலு பட்டறை சேர்ந்து ஒரே லோடா ஆர்டர் போட்டா சப்ளையருக்கு என்ன மிச்சம்னு நான் கணக்குப் போட்டுத் தர்றேன். சாப்பாட்டுக்கு அப்புறம் உட்காரலாம், வா.