அச்சில் வந்த கலைமகள்

திமிரி வீடுகளின் பூசை மாடங்களில் தொங்கும் கலைமகள் கோயில் கல்லிலிருந்து வந்தவள் அல்லள், அச்சுக்கல்லிலிருந்து வந்தவள்.

1894இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். செருமானியத் தொழில்நுட்பர் துணைநின்றனர். வண்ணத்துக்கொரு கல்லாக உருவம் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஏற்றினர். அரண்மனைத் தேவியர் கடைத்தெருவுக்கு வந்தனர். சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1939இல்தான். கருவறையை எட்டிப் பார்க்கவும் உரிமையற்றிருந்தோர் வீட்டுக்கு அதற்கு முன்பே தேவி வர வழி பிறந்தது. இது சிறிய செய்தியன்று.

ஆனால் வந்தவளிடம் சோழர் செப்புத் திருமேனியின் தாள அளவு இல்லை. கிரேக்கச் சிற்பத்தை இலக்காகக் கொண்ட ஐரோப்பியக் கலைப்பள்ளியின் உடற்கட்டும் ஒளிநிழலுமே இருந்தன; புடவை நம்முடையது.

கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். நாடகத் திரைகள் தீட்டியவர். அவர் ஒளிநிழலை விடவில்லை. பக்தனை நேர்நோக்கும் கோயில் நிலையை அதனோடு இணைத்தார். சிவகாசி அச்சகங்கள் அதை நாட்காட்டியாக்கி ஊர்தோறும் அனுப்பின. ஆணியடிக்க ஒரு சுவர் போதுமாயிற்று.

கலைமகள் என்றதும் கவிஞர் மனத்தில் வெண்புடவையும் நீர்க்கரைப் பாறையும் மயிலும் எழுமாயின், அது இரவிவர்மாவின் காட்சி. அடுத்த பாடலுக்கு முன் எழும்பூர் அருங்காட்சியகச் செப்புத் திருமேனிகளையும் ஒருமுறை கண்டு வரலாம்.