மேனேஜ்மென்ட் பேப்பரில் இல்லாத கணக்கு

(காவேரிப்பட்டினத்தில் பொறியியல் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்கள் படிப்பில் மேலாண்மைத் தத்துவங்கள் என்று ஒரு பேப்பர் வருகிறது. டெய்லர், ஃபயோல், மாஸ்லோ. ஃபயோலின் 14 கொள்கைகளை மனப்பாடம் பண்ணினால் பாஸ். டெய்லரும் ஒரு இன்ஜினியர்தான். ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு தொழிலாளியின் கை அசைவை அளந்தவர். யோசிப்பது நிர்வாகத்தின் வேலை, சொன்னதைச் செய்வது தொழிலாளியின் வேலை என்று 1911இல் புத்தகமே போட்டார். (அமெரிக்காக்காரன் புதுசா கண்டுபிடிச்சதா நெனச்சிருப்பான். நம்ம ஊர்ல இது எத்தனை காலமா நடக்குதுன்னு சேரியில பொறந்தவனுக்குத் தெரியும்.)

பேப்பர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உங்களை இன்னொருத்தர் கம்பெனியில் சூப்பர்வைசராக உட்கார வைக்கத் தயார் பண்ணுது. அவ்வளவுதான். ஓசூரில் லாரி செய்யறாங்க, மோட்டார் சைக்கிள் செய்யறாங்க, கைக்கடிகாரம் செய்யறாங்க. அந்த ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகளும் சின்ன யூனிட்டுகளும் இருக்கு. அதில் ஒன்றுக்கு நீங்கள் ஓனராக நினைத்தால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஒரு கணக்கு போடுவோம். ஜாப் ஒர்க் எடுக்கிறீர்கள். கூலி, கரண்ட், டூல், வாடகை எல்லாம் சேர்த்து மாதம் ஒன்றரை லட்சம் செலவு. பில் போட்டு 90 நாள் கழித்துத்தான் பணம் வரும் என்றால், முதல் ரூபாய் வருவதற்குள் நாலரை லட்சம் கைவிட்டுப் போயிருக்கும். லாபமான ஆர்டர்தான். இருந்தாலும் பட்டறையை மூட வேண்டியதுதான்.

இந்த நாலரை லட்சம் ஆதிக்க சாதிப் பையனுக்கு எங்கிருந்து வருது? மாமனார் தர்றார். பெரியப்பா பத்திரத்தை பேங்க்ல வைக்கிறார். மெட்டீரியல் கடைக்காரர் சொந்தக்காரர், ‘மெதுவா குடுப்பா’ங்கிறார். இதையெல்லாம் அவன் திறமை என்று சொல்லிக்கொள்கிறான். நமக்குப் பத்திரம் ஏது? 1892 ஆணைப்படி வந்த பஞ்சமி நிலம் எத்தனை ஊரில் கைமாறிப் போச்சு என்பது உங்களுக்கே தெரியும். சாதியும் ஒரு நடைமுறை மூலதனம். எந்த மேனேஜ்மென்ட் புத்தகமும் அதை பேலன்ஸ் ஷீட்டில் காட்டாது.

படிப்பு மட்டும் போதுமா? கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் நாடு திரும்பிய அம்பேத்கர், பம்பாயில் பங்கு வாங்கி விற்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஆரம்பித்தார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றுபோனது. ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923இல் புத்தகம் எழுதியவருக்கா கணக்கு தெரியாது?

அதனால் நாம் கற்க வேண்டிய மேனேஜ்மென்ட் வேறு. கொட்டேஷன் போடுவது, ஜிஎஸ்டி கட்டுவது, பாக்கி வசூலிப்பது. கூடவே சட்டம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தரணும். தவறினால் ரிசர்வ் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. உத்யம் பதிவு செய்து வைத்திருந்தால் வசதிக் கவுன்சிலில் புகார் போடலாம். ஆனா புகார் போட்டா அடுத்த ஆர்டர் வருமா? நல்ல கேள்வி. தனியாளாகப் போட்டால் வராது. பத்து யூனிட் சேர்ந்து கேட்டால் கதை வேறு. சங்கம் கட்டுவதும் மேனேஜ்மென்ட்தான்.

2012 கொள்முதல் ஆணைப்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தை எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும். தமிழக அரசு 2023இல் அண்ணல் அம்பேத்கர் பெயரில் கொண்டுவந்த தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. இது சலுகை இல்லை, மாமனார் இல்லாதவனுக்கு வரவேண்டிய பங்கு. வாங்கத் தெரியணும். திட்ட அறிக்கையை ஏஜென்ட்டிடம் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். அதிலிருக்கும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று பேங்க் மேனேஜர் கேட்பார்.

பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி 1994இல் வந்தது. இங்கிருந்து பக்கம். அங்கே படிக்கிறவங்க ரெண்டு மூணு பேர் கை தூக்குனீங்க. அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பாகத்தின் டிராயிங் கொண்டு வாங்க. விலை போட்டுப் பார்ப்போம், மெஷின் தேய்மானம் வரைக்கும்.