பூமிக்கு அடியில் எண்ணெய் எவ்வளவு?



"கடலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது. இத்தனை கோடி டன் இருக்கிறது." செய்தித்தாளில் இப்படி அவ்வப்போது வரும். படித்தவுடன் ஒரு கேள்வி வர வேண்டும். அதை யார் அளந்தார்கள்? குதிரில் உள்ள நெல்லை மரக்காலால் அளக்கலாம். கடல் தரைக்குக் கீழே, பாறைக்குள் இருப்பதை எப்படி அளப்பது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் பூமிக்குள் ஏரி போலத் தேங்கி நிற்பதில்லை. காய்ந்த செங்கல் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். குமிழி குமிழியாகக் காற்று வரும். செங்கல் தண்ணீரைக் குடித்துவிடும். ஏன்? செங்கல்லுக்குள் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன. பூமிக்குள் உள்ள மணல் பாறையும் அப்படித்தான். சில சுண்ணாம்புப் பாறைகளும் அப்படித்தான். அந்தத் துளைகளில்தான் எண்ணெய் இருக்கிறது. எரிவாயுவும் அப்படித்தான் இருக்கிறது. மேலே களிமண் பாறை மூடி போலப் படுத்திருக்கிறது. அதனால் அது வெளியே போகவில்லை.

மும்பைக்கு மேற்கே கடலில் பம்பாய் ஹை என்ற எண்ணெய் வயல் இருக்கிறது. இப்போது அதற்கு மும்பை ஹை என்று பெயர். 1974 பிப்ரவரியில் 'சாகர் சாம்ராட்' என்ற துளையிடும் மேடை அங்கே எண்ணெயைக் கண்டது. 1976 மே மாதம் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். அது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை.

சரி, அளப்பது எப்படி? முதலில் பாறை எவ்வளவு தூரம் பரவி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பூமியை அதிர வைக்கிறார்கள். அதிர்வு கீழே உள்ள பாறையில் பட்டு எதிரொலியாகத் திரும்பி வரும். அதைக் கருவி பதிவு செய்யும். பிறகு கிணறு தோண்டுகிறார்கள். பாறைத் துண்டை வெட்டி எடுத்து, துளை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கம்பியில் கட்டிய கருவியைக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும். எண்ணெயில் பாயாது. அதை வைத்து எந்த இடத்தில் தண்ணீர், எந்த இடத்தில் எண்ணெய் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இனிமேல் வெறும் பெருக்கல் கணக்குதான். ஒரு பாறை 1 சதுர கிலோமீட்டர் பரப்பு, 10 மீட்டர் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 கோடி கன மீட்டர் பாறை. அதில் 100க்கு 20 பங்கு துளை. அப்படியானால் 20 லட்சம் கன மீட்டர். துளையில் 100க்கு 30 பங்கு தண்ணீர். மீதி 14 லட்சம் எண்ணெய். இந்த எண்ணெயில் வாயு கரைந்திருக்கும். மேலே வந்ததும் வாயு பிரிந்து போகும், எண்ணெய் சுருங்கும். 10 லட்சம்தான் தேறும்.

அதையும் முழுவதும் எடுக்க முடியாது. எள்ளைச் செக்கில் ஆட்டிய பிறகும் பிண்ணாக்கில் எண்ணெய் ஒட்டியிருக்கும் அல்லவா? பாறையும் எண்ணெயை விடாது. மும்பை ஹையில் தண்ணீரை உள்ளே செலுத்தித் தள்ளுகிறார்கள். அப்போதும் மீதி இருக்கத்தான் செய்யும். 100க்கு 30 பங்கு எடுக்க முடிந்தால், கைக்கு வருவது 3 லட்சம் கன மீட்டர். 1 கோடியில் தொடங்கிய கணக்கு 3 லட்சத்தில் முடிகிறது. "இருக்கிறது" என்பது வேறு. "எடுக்க முடியும்" என்பது வேறு. செய்தித்தாள்களில் பல நேரம் முதல் எண்தான் பெரிய எழுத்தில் வருகிறது.

கிணறு ஓடத் தொடங்கிய பிறகு இன்னொரு வழி உண்டு. எரிவாயுவுக்கு இது மிகவும் பொருந்தும். சைக்கிள் டியூபிலிருந்து கொஞ்சம் காற்றை எடுத்தால் அழுத்தம் குறையும். பாறைக்குள் அழுத்தம் 300 இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயு எடுத்த பிறகு 270 ஆனது. பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அப்படியானால் எடுத்ததைப் போலப் பத்து மடங்கு முதலில் இருந்தது. இது ஏறத்தாழ வரும் கணக்கு. பக்கத்திலிருந்து தண்ணீர் புகுந்தால் அழுத்தம் அவ்வளவாகக் குறையாது. அப்போது கணக்கு பொய்யாக அதிகம் காட்டும். கிணறு மாதா மாதம் தரும் அளவு எப்படிக் குறைகிறது என்பதையும் கோடு போட்டுப் பார்க்கிறார்கள்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும்? ஆந்திரக் கரைக்கு அப்பால், கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 2002இல் ரிலையன்ஸ் நிறுவனம் எரிவாயுவைக் கண்டது. டி1, டி3 என்ற இரண்டு வயல்களில் 10 லட்சம் கோடி கன அடி எடுக்கலாம் என்று 2006 திட்டத்தில் கணக்கிட்டார்கள். நாளுக்கு 8 கோடி கன மீட்டர் வரும் என்றார்கள். 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. 2010இல் 6 கோடியைத் தாண்டியது. பிறகு சறுக்கியது. 2013 முடிவில் 1.5 கோடிக்கும் கீழே போனது. எடுக்க முடிந்தது சுமார் 3 லட்சம் கோடி கன அடிதான் என்று கணக்கைத் திருத்தினார்கள்.

இந்த வாயுவை நம்பி மின் நிலையங்கள் கட்டியிருந்தார்கள். கடன் வாங்கிக் கட்டியவை அவை. வாயு வரவில்லை. பல நிலையங்கள் சும்மா நின்றன. உலை நின்றாலும் வட்டி நிற்குமா?

யார் மேல் குற்றம் என்று வழக்கு வந்தது. சொன்னபடி கிணறுகள் தோண்டவில்லை என்றது அரசு. பாறை நினைத்ததைவிடச் சிக்கலானது, கிணற்றுக்குள் தண்ணீரும் மணலும் புகுந்தன என்றது நிறுவனம். சில கிணறுகளை வைத்துப் பெரிய பரப்பைக் கணிக்கும்போது இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அதனால்தான் கணக்கை மூன்று படியாக எழுதும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. பத்துக்கு ஒன்பது நிச்சயமான எண் ஒன்று. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள எண் ஒன்று. பத்துக்கு ஒன்றே வாய்ப்புள்ள எண் ஒன்று.

டி1, டி3 வயல்கள் 2020 பிப்ரவரியில் மூடப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் பக்கத்து வயலில் புதிதாக எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள்.