போகிற ஊரின் உடை



மார்கழிக் காலையில் கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலையில் போய் இறங்குங்கள். ஒற்றைச் சட்டையோடு வந்தவர் கையை இறுகக் கட்டிக்கொண்டு நிற்பார். அங்குள்ளவர்களோ ஸ்வெட்டரும் காதை மூடிய துண்டுமாக வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள். கல்வராயன் மலை 2,000 முதல் 3,000 அடி உயரம்தான். அந்த ஏற்றத்துக்கே உடை மாறுகிறது என்றால், கடல் கடந்து போகிறவர்களுக்குக் கேட்கவேண்டுமா!

வளைகுடா வெயிலில் அரைக்கைப் பனியனைவிடத் தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டைதான் உடம்பைக் காக்கும். ஐக்கிய அரபு எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணிவரை நேர் வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று விதியே உண்டு. கனடா போன்ற குளிர் நாட்டுக்குக் கணக்கு வேறு. பருத்தி உள்ளாடை வியர்வையை உறிஞ்சி ஈரத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். குளிர் எலும்புவரை இறங்கும். உள்ளே தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்கிப் போடவேண்டும். எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிப் பெட்டியை நிரப்பாதீர்கள். போய் இறங்கும் நாளுக்கு வேண்டியது இருந்தால் போதும். அங்கே கூட வேலை செய்கிறவர்கள் உடுத்துவதைப் பார்த்து மற்றதை வாங்கலாம்.

இன்று இப்படி நாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த உரிமை நம் முன்னோருக்கு இருக்கவில்லை.

நம் கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்திலிருந்து ஏராளமானோர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறினார்கள். முதல் கப்பல் 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி, முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்து, வாயில் ரத்தம் வழிய காந்தியிடம் வந்து நின்றார். தலைத்துணி அவர் கையில் இருந்தது. வெள்ளைக்காரர் முன்னால் போகும்போது அதைக் கழற்றிவிடவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். காந்தியிடமும் அப்படித்தான் நடக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார். தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டபோது பாலசுந்தரத்தின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததை, பின்னாளில் தன் சுயசரிதையில் காந்தி பதிவு செய்தார். பாலசுந்தரம் வந்து நின்றதற்கு முந்தைய ஆண்டு டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்ற மறுத்து வெளியேறியவர் காந்தி.

நேயர்களே, குளிருக்காகவும் வேலைக்காகவும் உடையை மாற்றுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கோட்டு போட்டதால் யாரும் ஊரை மறந்துவிடுவதில்லை. பயந்தோ, கேலிக்குக் கூசியோ மாற்றவேண்டி வரும்போதுதான் மனசு அடிபடுகிறது. ஆகவே, வெளிநாடு போகும் தம்பி தங்கைகளே, அந்த ஊர் உடையைத் தயங்காமல் உடுத்துங்கள். பொங்கலன்று வேட்டியோ சேலையோ கட்ட ஆசை வந்தால், அதையும் தயங்காமல் கட்டுங்கள்.

இங்கே இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. மலையிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் இறங்கி வரும் பிள்ளைகளுக்குக் கள்ளக்குறிச்சியே புது ஊர்தான். அவர்கள் உடுத்தி வருவதைப் பார்த்து ஒருவரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.