கண்ணாடிக் குப்பியில் மூலிகை



சர்ப்பகந்தியின் வேரிலிருந்து 1952ஆம் ஆண்டில் ரிசர்ப்பின் என்னும் இரத்த அழுத்த மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. வேரில் மருந்திருப்பதே அச்செடிக்குக் கேடாயிற்று. வேரைத் தோண்டினால் செடி மடியும். விதையோ குறைவாகவே முளைக்கும். ஆதலின் காடுகளில் அது அருகிவிட்டது.

இதற்கு அறிவியல் கண்ட வழி திசு வளர்ப்பு. கணுத்துண்டு ஒன்றைக் கிருமி நீக்கி, சர்க்கரை, தாது உப்புகள், வளர்ச்சி ஊக்கிகள் கலந்த அகர்க் கூழில் வைப்பர். ஒரு துண்டு பல தளிர்களாகும். அவற்றை வேர்விடச் செய்து, நிழலில் பழக்கி, நிலத்தில் நடுவர். முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் வகுத்த ஊட்டக் கலவையே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்த்து, அதிலிருந்து கருக்களைத் தோற்றுவித்து உலகுக்கு வழிகாட்டினர்.

இளைஞர்களே! காட்டிலும் வரப்பிலும் மூலிகை பறித்துக் கொடுத்த கைகள் நம்முடையவை. அக்கைகள் இனி ஆய்வுக்கூடக் கதவையும் திறக்க வேண்டும். அங்கே தூய்மை என்பது 121 பாகை நீராவியாலும் கைக்கவனத்தாலும் வருவது, பிறப்பால் வருவதன்று. அறிவியற் பிரிவைக் கண்டு அஞ்சாதீர்கள். உயிரியலும் வேதியியலும் பயிலுங்கள். நூல் இல்லையெனில் சங்கத்தை நாடுங்கள். படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்.