கயிறு யார் கையில்?

(தூத்துக்குடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



குறிபார்த்துச் சுடக் காவலருக்குப் பயிற்சி உண்டு. கேடயம் தாங்க, தடி சுழற்ற, கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப் பயிற்சி உண்டு. கொதித்து வருகின்ற மக்களிடம் பேசுவதற்கு என்ன பயிற்சி? யாருக்கு? எத்தனை நாள்? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். கேள்வி சிறிது. அதற்கு விடையில்லாமற் போனதற்காக இந்த ஊர் கொடுத்த விலையோ பெரிது. பதின்மூன்று உயிர்!

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடுக என்று மக்கள் எழுப்பிய குரலுக்கு அன்று நூறாவது நாள். அன்றைக்கு ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் செல்வோம் என்று மக்கள் மறைத்து வைத்தா திட்டமிட்டார்கள்? ஊரறிய அறிவித்தார்கள். உளவுத்துறையும் முன்கூட்டியே எச்சரித்தது. ஆனால் மே 20ஆம் நாள் கூடிய சமாதானக் கூட்டத்துக்கு மாவட்டத்தின் தலைமை அதிகாரியான ஆட்சியர் வந்து தலைமை தாங்கவில்லை. அந்தப் பொறுப்பு சார் ஆட்சியரிடம் விடப்பட்டது. பேச வேண்டியவரின் நாற்காலி காலியாக இருந்தது. துப்பாக்கி மட்டும் தயாராக இருந்தது!

அன்று கல் பறந்தது, வாகனங்கள் எரிந்தன. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கல்லுக்கு என்ன விடை என்பதைக் காவல்துறையின் நிலையாணையே படிப்படியாக வகுத்திருக்கிறது. முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, பிறகு தடி, இவை யாவும் பயனற்றுப்போன பின்னரே துப்பாக்கி. அப்போதும் இடுப்புக்குக் கீழேதான் குறி. ஏட்டிலே இருந்தது இது. நாட்டிலே நடந்தது என்ன?

நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் 2022 மே மாதம் அளித்த இறுதி அறிக்கை அதைச் சொல்கிறது. சுடுவதற்குத் தக்க காரணம் எழவில்லை. சிதறி ஓடியவர்கள்மீது சுடப்பட்டது. ஆட்சியர் அலுவலகப் பூங்காவில் மறைந்து நின்று சுட்டார்கள். ஒரே காவலர், வெவ்வேறு இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 17 ரவுண்டு சுட்டார். ஆட்சியர் அலுவலகத்துக்கு வெகு தொலைவில், திரேஸ்புரத்தில், ஒரு பெண் குண்டுக்கு இரையானார். மறுநாள் அண்ணா நகரில் மேலும் ஓர் உயிர் போயிற்று.

அந்த ஒரு காவலர்மீது பழியைச் சுமத்திவிட்டு வீடு திரும்ப நாம் இங்கே கூடவில்லை. அவருக்குக் கற்பித்ததை அவர் செய்தார். இடம் விட்டு இடம் அவரை ஏவியவர் யார் என்பதே கேள்வி. சுடத் தேர்ந்தவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்த நிர்வாகம், பேசத் தேர்ந்தவரைத் தேடியதா? தேடினால் கிடைப்பதற்கு அப்படி ஒருவரை என்றைக்காவது உருவாக்கியதா?

பேசினால் தீருமா என்று சிலர் கேட்கக்கூடும். இந்தத் தூத்துக்குடி மண்ணே விடை சொல்லும். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். ஒன்பது நாளளவில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. பேச்சு வென்றது. அதே மார்ச்சில், 12ஆம் நாள், வெள்ளை அரசு அவர்களைக் கைது செய்தது. மறுநாள் நெல்லை கொந்தளித்தது, துப்பாக்கி வெடித்தது, நால்வர் மாண்டனர். போதாதென்று தண்டனைப் போலீசை நிறுத்தி, அதன் செலவையும் மக்கள் தலையிலேயே வரியாகச் சுமத்தினர். ஒரே மாதத்தில், ஒரே சீமையில், இரண்டு வழிகளையும் கண்டவர்கள் நம் முன்னோர்!

உலகமும் அடிபட்டே கற்றது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் வீரர்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டனர். மீட்கச் சென்ற ஜெர்மன் போலீசாருக்குத் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் சிறப்புப் பயிற்சி இல்லை; முடிவில் 11 பேர் பிணமாயினர். அந்தப் பாடத்தை நியூயார்க் காவல்துறை எடுத்துக்கொண்டது. 1973இல், உளவியல் படித்த துப்பறிவாளர் ஹார்வி ஷ்லோஸ்பெர்க்கும் அதிகாரி ஃபிராங்க் போல்சும் பேச்சாளர் குழு ஒன்றை அமைத்தனர். அதன் இலக்கணம் எளிது: அவசரப்படாதே, காலம் உன் பக்கம், எதிரியும் மனிதன், அவன் சொல்வதைக் கேள், பேசுகிறவன் கட்டளையிடக் கூடாது, கட்டளையிடுகிறவன் பேசக் கூடாது. 'என்னோடு பேசு' என்பதே அந்தக் குழுவின் முழக்கம்.

அது அமெரிக்காவுக்குப் பொருந்தும், நமக்கு ஆகாது என்பார்கள். 2000 ஜூலை 30ஆம் நாள் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபோது, அடர்ந்த காட்டுக்குள் அரசுகள் அனுப்பியது யாரை? நக்கீரன் ஆசிரியர் கோபாலை! பின்னர் பழ. நெடுமாறன் முதலானோரும் சென்றனர். 108 நாள் கழித்து ராஜ்குமார் உயிரோடு திரும்பினார். கொள்ளைக்காரனிடம் 108 நாள் பொறுமையாகப் பேசத் தெரிந்த அரசுக்கு, நூறு நாள் அறவழியில் அமர்ந்திருந்த மக்களிடம் பேச மட்டும் தெரியாமற் போனதேன்?

துப்பாக்கி ஏந்துவோருக்கான நெறிகளை ஐக்கிய நாடுகள் மாநாடு 1990இல் ஹவானாவில் வகுத்தது. உயிருக்கு உடனடி ஆபத்து நேர்ந்தால் அன்றித் துப்பாக்கியைத் தொடாதே என்றதோடு அது நிற்கவில்லை. கூட்டத்தின் இயல்பை அறியவும், இணங்க வைக்கவும், பேசித் தீர்க்கவும் காவலருக்குப் பயிற்சி கொடு என்றும் சொன்னது. நம் நாட்டிலே கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 148ஆம் பிரிவில் இருக்கிறது. எண் மாறியது. எண்ணம் மாறியதா?

தோழர்களே! பயிற்சி ஒரு பாதி, கண்காணிப்பு மறுபாதி. முத்துக்குளித்துறையிலே வாழ்பவர்கள் நீங்கள். மூச்சடக்கி மூழ்குகிறவன், தன் கயிற்றைப் படகிலே யாரிடம் கொடுப்பான்? மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்பது இக்கரை வழக்கு. தன் உடன்பிறந்தவள் தாலி அறுவதை அவன் பொறுக்கமாட்டான். ஆகவே கயிறு அசைந்தால் கண்ணிமைக்காமல் இழுப்பான். இழப்பு யாருக்கோ, அவன் கையிலே கயிறு. இதைவிடச் சிறந்த கண்காணிப்பு இலக்கணம் எந்தச் சட்டப் புத்தகத்தில் உண்டு?

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், காவல்துறைமீதான புகாரை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி அதற்குத் தலைமை வகிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டம் என்ன செய்தது? மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கியது. மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் அமர்த்தியது. 2018 துப்பாக்கிச் சூட்டிலே கமிஷன் குறை கண்ட அதே இரண்டு நாற்காலிகள்! மூழ்குகிறவனைத் தள்ளிவிட்டவன் கையிலேயே கயிற்றைக் கொடுத்ததற்கு ஒப்பல்லவா இது?

வெளியார் கண் பட்டால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மாவட்டமே காட்டியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு மாண்டபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதித்துறை நடுவரை அங்கே அனுப்பியது. காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைத்தது. நடுவர் அங்கே சென்றபோதே, உள்ளேயிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் சாட்சி சொல்ல வழி பிறந்தது. நல்ல காவலரையும் காப்பது கண்காணிப்புத்தான்!

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, ஒவ்வொரு மாவட்டத்திலும் பேச்சுப் பயிற்சி பெற்ற குழு நிலையாக இருக்க வேண்டும். மீனவர் மொழியும் ஆலைத் தொழிலாளர் மொழியும் அறிந்தவர்கள் அதில் இடம்பெற வேண்டும். இரண்டு, பேசுவோர் வேறு, ஆயுதப் படையை நடத்துவோர் வேறு என்று பிரிக்க வேண்டும். மூன்று, சுட உத்தரவிடுபவர் பெயரும், சுடுபவர் பெயரும், ஒவ்வொரு தோட்டாவின் கணக்கும் அன்றே பதிவாக வேண்டும். சீருடையின்றி எவரும் துப்பாக்கி ஏந்தலாகாது. நான்கு, புகார் ஆணையம் நீதிபதியின் தலைமையில் அமைய வேண்டும்.

கோட்டையிலே பறப்பது எந்தக் கொடியாயினும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கமிஷனின் அறிக்கையைத் தெருமுனையிலே படித்துக் காட்டுங்கள். குற்றம் கண்டவர்கள்மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கேளுங்கள். மாண்டவர்களுக்கு மலர் தூவுவது நம் கடமை. மேலும் ஒரு பெயர் அந்தப் பட்டியலில் சேராமல் தடுப்பது அதனினும் பெரிய கடமை.