பாட்டுக்கு நடுவே ஒரு குரல்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குக் கட்டளை. எனக்குச் சங்கீதம் தெரியாது. சரிகமபதநி என்று எழுதச் சொன்னால் எழுதுவேன். பாடச் சொன்னால் இந்த மண்டபம் காலியாகிவிடும். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய என் காதுக்குள் சில ஒலிகள் இன்னும் குடியிருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்கிறேன். நான் செய்த ஒரு தவற்றையும் சொல்கிறேன். வயதானவன் அறிவுரை சொல்வதைவிடத் தன் தவற்றைச் சொல்வது பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

இன்று உங்களை எழுப்புவது எது? கைப்பேசி. எங்களை எழுப்பியது பெரட்டு மணி. மணி என்றால் கோயில் மணி என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீசுக்கு முன்னால் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. விடியுமுன் தண்டல் அதை இரும்புக் கம்பியால் அடிப்பார். லயத்தில் ஒவ்வொரு வீடாக அடுப்பு எரியும், பிள்ளை அழும், வாளி உருளும். அம்மாவும் அப்பாவும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரம் வெட்டப் போய்விடுவார்கள்.

ஏன் அந்த இருட்டில் போக வேண்டும்? சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. "வெயில் ஏறுனா பால் நின்னுடும்பா" என்பார் அம்மா. அதன் காரணத்தைப் பிறகு புத்தகத்தில் படித்தேன். குளிர்ந்த விடியற்காலையில் மரத்தின் பட்டைக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் ஆவியாகும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். புத்தகம் பல வரிகளில் சொன்னதை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். பட்டையில் கத்தி இழுபடும் 'சரக்' என்ற ஓசை. மங்கில் பால் விழும் 'சொட்' என்ற ஓசை. காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகள் ஆடும் ஓசை. வெயில் காலத்தில் இன்னொன்றும் உண்டு: ரப்பர்க் காய் வெடிக்கும் சத்தம். காய்ந்த காய் 'படார்' என்று பிளக்கும். உள்ளே இருக்கும் மூன்று கொட்டைகளும் தூரத்தில் போய் விழும். அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி, முன்னால் இருப்பவன் கழுத்தில் வைப்போம். அவன் அலறுவானே, அதுவும் எங்கள் காலத்து இசைதான்! (மாணவர்களே, இதை முயன்று பார்க்க வேண்டாம். தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிடுவார்.)

அக்காலத்தில் நம் பள்ளி தோட்டத்திற்குள் இருந்தது. தகரக் கூரை. மழை கொட்டினால் ஆசிரியர் பேசுவது கேட்காது. அவர் சளைக்க மாட்டார். "எல்லாரும் எழுந்திருங்க, பதினாறாம் வாய்ப்பாடு!" என்பார். மழையோடு போட்டி போட்டுக் கத்துவோம். இன்றும் மழை பெய்தால் எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தானாக வரும்.

அன்புச் செல்வங்களே, அந்த ரப்பர் மரம் இந்த மண்ணில் பிறந்தது அன்று. அதன் தாயகம் பிரேசில். 1877-ஆம் ஆண்டில் 22 கன்றுகள் கப்பலேறிச் சிங்கப்பூர் பூந்தோட்டத்திற்கு வந்தன. அவற்றுள் சில பேராக்கில் உள்ள கோலகங்சாருக்குப் போயின. பிறகு நாடெங்கும் ரப்பர்க் காடாயிற்று. அந்த மரத்தில் பால் வெட்ட நம் மக்கள் வந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களை இங்கே அனுப்புவதை 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை செய்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு தகரப் பெட்டி, ஆறு வயது மகள். அந்த மகள்தான் என் அம்மா.

பெட்டியில் இருந்தவை இரண்டு சேலையும் ஒரு சொம்பும். பெட்டியில் அடங்காமல் வந்தவை பாட்டியின் பாட்டுகள். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. இங்கே நடவு இல்லை. ஆகவே நடவுப் பாட்டு மெல்ல மறைந்தது. தாலாட்டு மட்டும் இந்த ஊர்க்காரியாக மாறிவிட்டது. அம்மா பாடிய தாலாட்டில் மாமன் பினாங்குக்குப் போய் வளையல் வாங்கி வருவான். பால் ஸ்டோரும் வரும், மங்கும் வரும், கிராணியின் சைக்கிளும் வரும். என் தம்பி தங்கைகள் எல்லாரும் அந்தப் பாட்டில்தான் தூங்கினார்கள். நான் தூங்குவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு கேட்டிருப்பேன்.

பிறகு வானொலி வந்தது. நாட்டில் ரேடியோ மலாயா 1946-ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தாலும், எங்கள் லயத்தில் வானொலிப் பெட்டி இல்லை. கிராணி வீட்டுச் சன்னலுக்குக் கீழே நின்று பாட்டுக் கேட்போம். டி. எம். சௌந்தரராஜன் குரல் என்றால் எனக்கு உயிர். ஆசிரியர் வேலை கிடைத்து, 1977-ஆம் ஆண்டில் என் முதல் சம்பளத்தில் வாங்கிய பொருள் ஒரு கேசட் ரிக்கார்டர். அதை ரேடியோவுக்கு முன்னால் வைத்துப் பாட்டைப் பதிவு செய்வேன். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது! ஒருநாள் சௌந்தரராஜன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டுவிட்டார். பதிவு கெட்டுப்போயிற்று என்று நான் கோபத்தில் குதித்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

1979-ஆம் ஆண்டில் அப்பா இறந்தார். அம்மா அவர் காலடியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். அப்பாவின் பழைய சைக்கிளை, அவர் தீட்டி வைத்த கத்தியை, அவர் சம்பளத்தில் பிள்ளை படித்ததை எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். பட்டணத்திலிருந்து என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து, "அம்மா, போதும்மா. எல்லாரும் பாக்குறாங்க" என்றேன்.

அம்மா நிறுத்திவிட்டார். சட்டென்று, வானொலியை அணைத்ததுபோல் நின்றது அந்தக் குரல். நான் பெரிய நாகரிகம் காத்துவிட்டதாக நினைத்தேன்.

1981-ஆம் ஆண்டில் எனக்கு மகள் பிறந்தாள். அம்மாதான் தொட்டிலை ஆட்டுவார். கயிறு உத்தரத்தில் உரசும் 'கிரீச்' ஓசை மட்டும் கேட்கும், பாட்டு இல்லை. பல நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. "ஏம்மா, தாலாட்டுப் பாடலையா?" என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமலே, "படிச்சவங்க வீட்ல அதெல்லாம் எதுக்குப்பா?" என்றார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அவரை நம்ப வைத்தவன் நான்.

அதன் பிறகு நான் எத்தனை முறை கேட்டும், "மறந்துபோச்சுப்பா" என்பார். 1998-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அந்தத் தாலாட்டில் எனக்கு இன்று தெரிந்தது மெட்டும் முதல் இரண்டு வரியும்தான். பேத்திக்குப் பாடத் தொடங்கினால் மூன்றாம் வரியில் நின்றுவிடுகிறேன்.

காரியங்கள் முடிந்தபின் பழைய பெட்டியைக் கிளறினேன். அந்தக் கேசட் கிடைத்தது. போட்டேன். பாட்டுக்கு நடுவே, எங்கோ தூரத்திலிருந்து: "சோறு ஆறிடும், வந்து சாப்பிடுப்பா!" அவ்வளவுதான். நான் கெட்டுப்போனதாக நினைத்த பதிவு. என் அம்மாவின் குரல் இவ்வுலகில் இருப்பது அந்த ஓரிடத்தில் மட்டுமே. சௌந்தரராஜன் 2013-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் பாட்டை உலகம் முழுவதும் காப்பாற்றி வைத்திருக்கிறது. என் அம்மாவின் பாட்டைக் காப்பாற்ற வேண்டியவன் நான் ஒருவன்தான் இருந்தேன். கையில் ரிக்கார்டரும் இருந்தது.

எங்கள் தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. காய் வெடிக்கும் சத்தமும் இல்லை, பெரட்டு மணியும் இல்லை. அதற்காக நான் அழவில்லை. அந்த மணிக்குக் கட்டுப்பட்ட வாழ்வு மீண்டும் வரவேண்டும் என்று எந்தப் பைத்தியக்காரனும் கேட்கமாட்டான். போகவேண்டியவை போகட்டும். ஆனால் நம் வெட்கத்தால் ஒரு பாட்டுப் போகக் கூடாது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் பாட்டியிடம், தாத்தாவிடம் உட்காருங்கள். "உங்க அம்மா உங்களுக்கு என்ன பாட்டுப் பாடுனாங்க?" என்று கேளுங்கள். முதலில், "போடா, எனக்கு என்ன தெரியும்" என்பார்கள். விடாதீர்கள். அப்பா அம்மாவின் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்; பிறகு நோட்டில் எழுதுங்கள். நடுவில் இருமினாலும், கோழி கத்தினாலும் நிறுத்தாதீர்கள். அதுவும் இருக்கட்டும்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது, "அதெல்லாம் எதுக்கு, போய்ப் படி" என்று சொல்லிவிடாதீர்கள். அதுவும் படிப்புத்தான்.

அப்படி எழுதிக் கொண்டுவரும் பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு இதே மேடையில் பரிசு வழங்கத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன், அவரும் இசைந்திருக்கிறார். பரிசு என் அம்மாவின் பெயரில். கொண்டுவரும் பாட்டு எத்தனை வரி என்று யாரும் எண்ணப் போவதில்லை. இரண்டு வரியாக இருந்தாலும் சரி. என்னிடம் இருப்பதும் இரண்டு வரிதானே.